திடீர்க் குளிரில் பாஸ் மீன் பிடித்தல்: ஒன்ராறியோ ஏரிகளுக்கான இலையுதிர்காலக் கையேடு

ஒன்ராறியோவில் செப்டெம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை வானிலை ஒரே இரவில் மாறிவிடும். பகலில் 20 பாகை செல்சியஸ் வெயில் இருக்கும். மாலையில் மழையோடு காற்றுத் திரும்பும். விடியும்போது புல்லில் உறைபனி படிந்திருக்கும். முதல்நாள் வரை இறங்குதுறையில் வரிசையாக நின்று மீன் பிடித்தவர்களுக்கு அன்று ஒரு கொத்துக்கூடக் கிடைக்காது. "மீன் போயிட்டுது" என்று சொல்லித் தங்கூசியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

மீன் பெரும்பாலும் தொலைவுக்குப் போவதில்லை. அது நிற்கும் இடம் சுருங்கியிருக்கும், இரை தேடும் நேரம் குறைந்திருக்கும், அசைவு மெதுவாகியிருக்கும். அந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் குளிர் நாளிலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, உயிரோடு திரும்புவது.

நான் வடமராட்சிக் கரையில் வளர்ந்தவன். இப்போது ரொறன்ரோவின் கிழக்கே வசிக்கிறேன். இங்குள்ள ஏரிக்கரைகளில் முல்லைத்தீவு, மன்னார், பருத்தித்துறை, தீவகம் என்று எல்லாக் கரைகளையும் சேர்ந்த எங்கள் ஆட்களைக் காண்கிறேன். சிலர் தொழிலாகவே கடலுக்குப் போனவர்கள். இடப்பெயர்வில் படகையும் வலையையும் விட்டுவந்தவர்கள். அவர்களுக்குக் காற்றை வாசிக்கத் தெரியும், நீரின் நிறத்தைப் பார்த்து ஆழம் சொல்லத் தெரியும். அந்த அறிவு இங்கும் உதவுகிறது. ஆனால் எங்கள் கடல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகைக்குள் இருப்பது. தண்ணீரின் குளிரைக் கணக்கில் எடுக்கும் தேவை அங்கு எவருக்கும் இருந்ததில்லை. இங்கு அதுதான் முதற்கணக்கு. புதிதாக வந்தவர்களையும், கரையில் நிற்கும் மூத்தவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

பாஸ் என்பது எந்த மீன்?

கொடுவா மீனையும் ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்று சொல்வதுண்டு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். ஒன்ராறியோ ஏரிகளில் உள்ள பாஸ் நன்னீர் மீன். இரண்டு வகை முக்கியமானவை.

பெருவாய் பாஸ் பச்சை நிறமானது. உடலின் பக்கவாட்டில் கருங்கோடு ஒன்று நீளமாக ஓடும். வாயின் ஓரம் கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். நீர்ச்செடிகளுக்குள் பதுங்கி நின்று, கிட்ட வரும் இரையைப் பாய்ந்து விழுங்கும். வன்னிக் குளங்களில் தாமரை இலைக்குக் கீழே விரால் நிற்பதை நினைத்துக்கொண்டால் அதன் குணம் விளங்கும்.

சிறுவாய் பாஸ் மண்ணிறமானது. உடலில் மேலிருந்து கீழாகப் பட்டைகள் இருக்கும். வாய் கண்ணைத் தாண்டாது. பாறை, பரல், கடினமான தரை ஆகியவற்றை விரும்பும். தெளிந்த, குளிர்ந்த நீரில் பெருவாயைவிட நன்றாகச் சமாளிக்கும்.

குளிர் வரும்போது இவை இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. எதைத் தேடுகிறோம் என்பதைப் புறப்படும் முன்னரே தீர்மானிக்க வேண்டும்.

தண்ணீரில் என்ன நடக்கிறது?

கோடையில் ஆழமான ஏரி அடுக்கு அடுக்காக இருக்கும். மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர், இடையில் வெப்பநிலை சட்டென்று மாறும் ஒரு மெல்லிய அடுக்கு. இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து பாரமாகிக் கீழே இறங்கும். மேலும் கீழும் ஒரே வெப்பநிலைக்கு வந்ததும், பலமான காற்று ஏரி முழுவதையும் கலக்கிவிடும். இதை ஏரி புரளுதல் என்று சொல்லலாம். அந்த நாட்களில் நீர் கலங்கி, அழுகிய செடியும் சேறும் மணக்கும். மீன்கள் சிதறிப்போய்ச் சில நாட்கள் பிடிபடுவது கடினம்.

எல்லா ஏரிகளும் இப்படிப் புரள்வதில்லை. ஸ்கூகொக் ஏரியின் சராசரி ஆழம் இரண்டு மீற்றருக்கும் குறைவு. அங்கே அடுக்குகள் நிலைப்பதில்லை, காற்று எப்போதும் கலக்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு குளிர் இரவிலேயே ஏரி முழுவதும் குளிர்ந்துவிடும், வெயில் வந்தால் விரைவாகச் சூடேறும். சிம்கோ ஏரி 700 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்பும், கெம்பன்ஃபெல்ட் குடாவில் ஏறத்தாழ 41 மீற்றர் ஆழமும் கொண்டது. அது மெதுவாகக் குளிரும், குளிர்ந்தபின் மெதுவாகவே மாறும். ஒரே நாளில் ஒரு ஏரியில் மீன் படுவதும் மற்றதில் படாமல் போவதும் இதனால்தான்.

ஒன்ராறியோ ஏரியின் வடகரைக்கு இன்னொரு பழக்கம் உண்டு. மேற்குப் பக்கக் காற்று பலமாக வீசினால் கரையோரச் சூடான நீர் வெளியே தள்ளப்பட்டு, அடியிலிருந்து குளிர்நீர் மேலெழும். கோடையில்கூட ஓரிரு நாட்களில் நீர் மிகவும் குளிர்ந்துவிடும். ஸ்காபரோ, பிக்கரிங் கரைகளில் நிற்பவர்கள் காற்றின் திசையைப் பார்த்தே அன்றைய நீரை ஊகிக்கலாம்.

மீனின் உடலில் என்ன நடக்கிறது?

மீனின் உடல் வெப்பநிலை நீரோடு சேர்ந்தே இறங்கும். நீர் குளிரும்போது அதன் உடலியக்கம் மெதுவாகிறது. உண்ட இரை செரிக்க அதிக நேரம் எடுக்கும், பசியும் குறையும். நீர் 10 பாகைக்குக் கீழே போனதும் இந்த மாற்றம் நன்றாகத் தெரியும். பெருவாய் பாஸ் அதிகம் சோர்ந்துவிடும். சிறுவாய் பாஸ் ஏறத்தாழ 5 பாகை வரையும் இரை எடுக்கும், ஆனால் துரத்திப் போய்ப் பிடிக்காது.

காற்றழுத்தம் ஏறியதால் மீன் வாய் திறக்கவில்லை என்று பலர் சொல்வதுண்டு. கணக்குப் பார்த்தால் இது அவ்வளவு பொருந்தவில்லை. ஒரு ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீரின் அழுத்தத்துக்குச் சமன். வானிலை மாறி அழுத்தம் 25 ஹெக்டோபாஸ்கல் ஏறினாலும், மீன் கால் மீற்றர் ஆழம் கூடப் போனதற்குத்தான் அது ஈடாகும். நாள் முழுவதும் மேலும் கீழும் நீந்தும் மீனுக்கு அது பெரிய விடயம் இல்லை. அழுத்தத்தோடு சேர்ந்து வரும் மற்ற மூன்றையும் நான் கவனிக்கிறேன்: நீர் குளிர்தல், முகில் கலைந்து ஒளி கூடுதல், காற்றுத் திசை மாறுதல்.

காற்று மாறும் நான்கு நாட்கள்

ஊரில் சோழகம் முடிந்து வாடை தொடங்குவதும் ஏறத்தாழ இதே மாதங்களில்தான். அங்கு அது ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. இங்கு இலையுதிர்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறைகூடக் காற்றுப் புரளும்.

முதல்நாள் தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ இதமான காற்று வீசும், முகில் கூடும். மீன் நன்றாக இரை எடுக்கும் நாள் இது. ஆழம் குறைந்த இடங்களுக்கும் வரும். ஓரளவு வேகமாக இழுக்கும் போலி இரைகளையும் துரத்தும். வாரத்தில் ஒரேயொரு நாள்தான் உங்களுக்கு ஓய்வென்றால், வானிலை அறிக்கையைப் பார்த்து இந்த நாளைத் தெரிவு செய்யுங்கள்.

இரண்டாம் நாள் மழையோடு காற்று வடமேற்குக்குத் திரும்பும். அந்த மாற்றத்துக்கு முந்திய ஒன்றிரண்டு மணித்தியாலங்கள் நல்லவை. ஆனால் அதே நேரத்தில் ஏரி கொந்தளிக்கும். படகில் இருப்பவர்கள் அதற்குள் கரை சேர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் வானம் நீலமாக, துப்புரவாக இருக்கும். பார்க்க அழகான நாள், மீன் பிடிக்க மிகக் கடினமான நாள். விடியற்காலையில் போய்ப் பயனில்லை, ஏனென்றால் நீர் மிகக் குளிர்ந்திருப்பது அப்போதுதான். காலை பதினொரு மணிக்குப் பின்னர் தொடங்கி மாலை நான்கு மணிவரை நின்றால் போதும்.

நான்காம் நாளிலிருந்து நீரின் வெப்பநிலை ஒரு மட்டத்தில் நிற்கத் தொடங்கும். குளிராகவே இருந்தாலும், அது மாறாமல் இருந்தால் மீன் பழகிக்கொண்டு மீண்டும் இரை எடுக்கும். 9 பாகையில் நான்கு நாட்களாக நிற்கும் நீர், 15 பாகையிலிருந்து நேற்று 11 பாகைக்கு விழுந்த நீரைவிட நல்லது என்பது என் அனுபவம்.

எங்கே தேடுவது?

ஒரு சிறிய வெப்பமானியை நூலில் கட்டி நீருக்குள் விட்டுப் பாருங்கள். ஒரே ஏரியில் இரண்டு குடாக்களுக்கு இடையே இரண்டு மூன்று பாகை வித்தியாசம் இருக்கும். இந்தக் காலத்தில் சூடு கூடிய பக்கமே பெரும்பாலும் மீன் உள்ள பக்கம்.

வடமேற்குக் காற்றின்போது ஏரியின் வடக்கு, மேற்குக் கரைகள் ஒதுக்கானவை. தெற்குப் பார்த்திருக்கும் வடகரைக்கு வெயிலும் கிடைக்கும். எதிரே தென்கிழக்குக் கரைக்கு இரவில் குளிர்ந்த மேல்நீர் தள்ளப்பட்டுப் போய்ச் சேரும். சிம்கோ ஏரியின் தெற்கில் உள்ள குக்ஸ் குடா செடி நிறைந்த நல்ல பெருவாய் இடம், ஆனால் வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு அது திறந்தபடி கிடக்கிறது.

பெருவாய் பாஸைத் தேடுவதானால் இன்னும் பச்சையாக இருக்கும் செடியைத் தேடுங்கள். மண்ணிறமாகிச் சாய்ந்த செடி அழுகத் தொடங்கிவிட்டது. அழுகும் செடி நீரிலுள்ள ஒட்சிசனைக் குறைக்கும், சிறு மீன்கள் அங்கிருந்து விலகும், பெரிய மீனும் விலகும். ஆழத்துக்கு இறங்கும் விளிம்பில் எஞ்சியிருக்கும் பச்சைத் திட்டு ஒன்று, காய்ந்த செடிப்பரப்பு முழுவதையும்விடப் பெறுமதியானது. குளிர் விழுந்த மறுநாள் பெருவாய் பாஸ் அந்தத் திட்டின் நடுவிலோ அடியிலோ நெருக்கமாக ஒட்டி நிற்கும். இரையை அதற்குள் இறக்க வேண்டும், அருகால் இழுத்துப் பயனில்லை.

சிறுவாய் பாஸ் இந்தப் பருவத்தில் கூட்டமாகச் சேர்ந்து ஆழத்தை நோக்கி நகரும். பாறைத்திட்டு, பரல் மேடு, ஏரிக்குள் நீண்டுபோகும் முனை ஆகியவற்றின் சரிவுகளில் 15 முதல் 35 அடி வரை, அதாவது ஏறத்தாழ மூன்றிலிருந்து ஆறு பாகம் வரை தேடலாம். ஒன்று பிடிபட்டால் அதே இடத்தை விட்டு நகர வேண்டாம். கூட்டம் அங்கேயே நிற்கும்.

எதைப் போடுவது, எப்படி இழுப்பது?

குளிரில் மூன்று விதிகள் போதும்: சிறிய இரை, மெதுவான இழுப்பு, நீண்ட நிறுத்தம்.

செடிக்குள் இறக்க, ஈயத் தலையோடு வரும் ஜிக் நல்லது. அதன் கொக்கியில் சிறிய றப்பர் இரையைக் கோர்த்து, செடியின் ஓட்டைக்குள் நேராக இறக்கிவிட்டு அசைக்காமல் வையுங்கள். பத்து எண்ணியபின் ஒரு விரற்கடை உயர்த்தி மீண்டும் விடுங்கள். பெருவாய் பாஸ் குளிரில் இழுத்துக்கொண்டு ஓடாது. தங்கூசி சற்றுப் பாரமானதுபோல் தெரியும், அவ்வளவுதான்.

ஆழப் பாறைகளுக்கு ட்ரொப் ஷொட் என்ற முறை பொருத்தமானது. ஈயத்தைத் தங்கூசியின் கடைசியில் கட்டி, அதற்கு ஒன்றரை அடி மேலே கொக்கியைக் கட்டுவார்கள். ஈயம் தரையில் இருக்கும்போது இரை மீனின் கண்மட்டத்தில் மிதந்து நிற்கும். எங்கள் ஊர்க் கைத்தூண்டில்காரருக்கு இந்தக் கட்டு புதிதல்ல. சிறுவாய் பாஸ் இப்போது விரும்பித் தின்பவற்றில் ஒன்று கோபி என்ற சிறிய அடித்தள மீன். கருங்கடல், கஸ்பியன் கடல் பக்கத்திலிருந்து கப்பல்களின் நிறைநீரோடு வந்து 1990 அளவில் பேரேரிகளில் காணப்பட்ட அந்நிய இனம் அது. அதன் நிறத்தை ஒத்த மண்ணிற, கரும்பச்சை றப்பர் குழல் இரையைத் தரையோடு மெல்ல இழுத்தால் பலன் உண்டு.

தங்கூசி மெல்லியதாக, 8 அல்லது 10 இறாத்தல் வலிமையில் இருந்தால் தெளிந்த நீருக்கு ஏற்றது. செடிக்குள் இறக்குவதற்கு மட்டும் தடித்தது வேண்டும்.

கரையில் நிற்பவர்கள் படகு இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. படகுத்துறைகளின் கொங்கிறீற் சுவர், கருங்கல் அணை, பாலத்தூண் ஆகியவை பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும். வாய்க்கால்கள் ஏரியோடு சேரும் இடங்களில் சிறு மீன் ஒதுங்கும். வீசும்போது நேராக வெளியே வீசாமல், சுவரோடு ஒட்டினாற்போல் வீசிப் பாருங்கள். புழுவைப் போடுவதானால் மிதப்போடு அடியிலிருந்து ஓரடி உயரத்தில் நிறுத்துங்கள். உயிருள்ள சிறு மீனை இரையாகப் பயன்படுத்துவதற்கு 2022 முதல் வலயக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ஒரு வலயத்தில் வாங்கியதை இன்னொரு வலயத்துக்குக் கொண்டுபோக முடியாது. வாங்கிய பற்றுச்சீட்டையும் வைத்திருக்க வேண்டும்.

எத்தனை எடுக்கலாம், எவ்வளவு சாப்பிடலாம்?

18 வயதுக்கு மேற்பட்ட, 65 வயதுக்குட்பட்ட ஒன்ராறியோவாசிகளுக்கு அவுட்டோர்ஸ் கார்ட்டும் மீன்பிடி அனுமதியும் வேண்டும். 65 வயதானவர்கள் வயதை உறுதிப்படுத்தும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் போதும். தெற்கு ஒன்ராறியோவின் பெரும்பாலான வலயங்களில் முழு அனுமதிக்கு ஆறு பாஸ், குறைந்த கட்டண அனுமதிக்கு இரண்டு பாஸ் என்பது எல்லை. பருவம் ஜூனில் தொடங்கும். முடியும் நாள் வலயத்துக்கு வலயம் வேறுபடுவதால், மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விதிச்சுருக்கத்தில் உங்கள் ஏரியின் வலயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்த மீனை விற்க முடியாது, தெரிந்தவருக்கும் கடைக்கும்கூட. தொழிலாகக் கடலுக்குப் போனவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும், ஆனால் இதற்குத் தண்டனை பெரிது.

கூட்டமாக நிற்கும் சிறுவாய் பாஸைக் குளிர்காலத்துக்கு முன் அள்ளுவது சுலபம். இந்தக் குளிர்நாட்டில் ஒரு பாஸ் ஓரடி நீளத்துக்கு வளர ஏறத்தாழ நாலைந்து ஆண்டுகள் எடுக்கும். ஒரு திட்டில் நிற்பது அந்தச் சுற்றுவட்டாரத்தின் மொத்தக் கூட்டமாகவும் இருக்கலாம். மேலும் 30 அடிக்குக் கீழேயிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை வீங்கிவிடும். அதைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது கடினம். எனவே ஆழத்தில் பிடிப்பதானால், தேவையானதை எடுத்தவுடன் நிறுத்திவிடுங்கள்.

பாஸ் வெள்ளைச் சதையுள்ள, கொழுப்புக் குறைந்த மீன். பொரியலுக்கும் சொதிக்கும் நன்றாக இருக்கும். ஆனால் இது இரைகொல்லி மீன் என்பதால் பாதரசம் உடலில் சேர்கிறது. மீன் பெரிதாகப் பெரிதாகப் பாதரசமும் கூடும். அது சதைக்குள்ளேயே இருப்பதால் தோலை உரித்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. எந்த ஏரியில் எந்த நீளமுள்ள மீனை மாதத்தில் எத்தனை முறை சாப்பிடலாம் என்பதற்கு ஒன்ராறியோ அரசின் உண்ணும் வழிகாட்டி இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதில் தனி அளவு உண்டு. சமையலுக்குச் சிறியதை எடுத்து, பெரியதைத் திரும்ப விடுவது உடம்புக்கும் ஏரிக்கும் நல்லது.

தண்ணீருக்குள் விழுந்தால்

இதை வாசிப்பவர்களில் பலர் நன்றாக நீந்துவார்கள். கடலில் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இரவைக் கழித்தவர்களையும் எனக்குத் தெரியும். அந்தத் துணிவை இங்கே நம்ப வேண்டாம். எங்கள் கடலின் சூடு அவர்களுக்கு நேரம் கொடுத்தது. இந்த ஏரி கொடுக்காது.

மனிடோபா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்ற மூன்று எண்களில் சொல்லித் தந்தார். குளிர்நீரில் விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. வாய் தண்ணீருக்கு மேலே இருந்தால்தான் தப்பலாம். அடுத்த பத்து நிமிடங்கள் கையும் காலும் சொன்னபடி கேட்கும். அதற்குள் ஏறவோ எதையாவது பிடிக்கவோ வேண்டும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகும். பலர் அந்த ஒரு மணித்தியாலம் வரை போவதில்லை. முதல் நிமிடத்தில் மூச்சு வாங்கும்போது தண்ணீரைக் குடித்தோ, பிறகு கை விறைத்தோ மூழ்கிவிடுகிறார்கள். நீர் 15 பாகைக்குக் கீழே போனாலே இந்த ஆபத்துத் தொடங்கிவிடும்.

ஆகவே உயிர்காப்பு அங்கி படகில் கிடந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். விழுந்தபின் அதை அணிய விரல்கள் ஒத்துழைக்காது. தனியாகப் போகாதீர்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லுங்கள். கைத்தொலைபேசியை நீர் புகாத உறையில் போட்டு உடம்போடு வையுங்கள், 911 அழைப்பதற்கு அது வேண்டும். மாற்றுடுப்பு ஒரு சோடி வாகனத்தில் இருக்கட்டும். பருத்தி உடுப்பு நனைந்தால் குளிரை இழுக்கும்; கம்பளி நல்லது. விடியற்காலையில் உறைபனி படிந்த கற்களிலும் பலகைகளிலும் ஏற வேண்டாம். கரையில் நிற்பவர்கள் விழுவது அங்கேதான்.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீட்டவர்கள் அந்தக் கரையின் மீனவர்கள். கனடாவில் எங்கள் வரலாற்றின் ஒரு பகுதி இப்படிக் குளிர்நீரின் மேல்தான் தொடங்கியது. போரையும் கடலையும் கடந்து வந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்பிடியில் ஏரிக்குப் பறிபோகக் கூடாது.

சுருக்கமாகச் சொன்னால், காற்று வடமேற்குக்குத் திரும்பிய மறுநாள் தாமதமாகப் போங்கள், ஒதுக்கான கரையைத் தெரிவு செய்யுங்கள், பச்சைச் செடியையோ ஆழமான கல்லையோ பாருங்கள், சிறிய இரையை இறக்கிப் பொறுத்திருங்கள். இருள்வதற்கு முன் வீட்டுக்கு வாருங்கள். இந்த வாரம் மீன் கிடைக்காவிட்டால், அடுத்த தென்மேற்குக் காற்று அதிக நாட்கள் தாமதிக்காது.